சீஸுக்கு ஓட்டை எப்படி வந்தது?

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. உன் உடம்பு எப்படி?

ஒரு வருஷமாக நீ போட்ட கடிதம் எதற்கும் நான் பதில் எழுதவில்லை. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. பதிவு அலுவலகத்தில் நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா வந்து "கல்யாணமாமே, ஸ்வீட் எங்க சார்?" என்று கேட்டுத்தான் பெற்ற அப்பனுக்குத் தெரியவேண்டுமா? சரி விடு, அதை இப்போது கிளறவேண்டாம்.

எழுத வந்த விஷயம் வேறு. பெரிய கடைத்தெரு மளிகைக் கடையில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. ரிட்டயர் ஆனாலும் அந்தப் பழைய லிஃப்டுக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மேல் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே மாட்டிக்கொண்டவர் கையில் ஒரு துண்டு சீஸ். ஓட்டை ஓட்டையாக, ஒவ்வொன்றும் பேரிங் குண்டு உட்கார்ந்து எழுந்தமாதிரி அத்தனை உருண்டை! பிரேக்கைப் பார்க்கவேண்டியவன் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "யோவ், முதல்ல என்னை வெளிய எடுய்யா!" என்று அந்த மனிதர் கத்தினார்.

துளை போடும் மெஷினால் அப்படி வராது. உள்ளே போன வழியே காணோம். பிறகு எப்படி வந்தது? நீ சீஸ் செய்கிறாய். உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஒரே நிபந்தனை. தொழிலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. அவனைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் கடிதத்தை மடித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

*

மார்ச் 19

என் அப்பாவுக்கு,

இங்கே நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, இல்லை அதற்கும் கிரீஸ் தடவுகிறீர்களா?

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பால் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிப்போய் அழுதேன். பால் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறிவிட்டது, போகட்டும்.

ஓட்டை விஷயம். அந்தச் சீஸை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, சில வாரம் கதகதப்பான அறையில் வைப்போம். அதற்குள் நாம் விட்ட ஒரு கிருமி இருக்கிறது, நல்ல கிருமிதான். அது தின்றுவிட்டு வாயு விடும். மேல் தோல் கெட்டியாகிவிட்டதால் வாயுவுக்கு வெளியே போக வழியில்லை. உள்ளேயே குமிழ் குமிழாகத் தங்கிவிடுகிறது. சக்கரம் (வட்டமான சீஸ் கட்டியை அப்படித்தான் சொல்வோம்) வயிறு உப்பின ஆள் மாதிரி மேலே எழும்பும், தட்டினால் சத்தம் மாறும். ஆக, நீங்கள் லிஃப்டில் பார்த்தது அஜீரணம்!

இதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்கள் நிபந்தனை உடையும்.

நிபந்தனைக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் ஆசையை ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஒருநாள் நீங்கள் இந்த வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே இருக்கும் இரண்டு பேரையும் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கவேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம். இனி இதை எழுதமாட்டேன்.

பார்சலில் மூன்று வகை அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மெழுகு பூசியது கௌடா. உப்புத் தண்ணீரில் மிதப்பது ஃபெட்டா. நீலக் கோடு ஓடுவது ப்ளூ சீஸ்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாப்பா

*

ஏப்ரல் 8

பாப்பாவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

பார்சல் வந்தது. பாதி வழியிலேயே கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். நீலக் கோடு என்று நீ அழகாகச் சொன்னது சாட்சாத் பூஞ்சை. பரவாயில்லை, மகள் அனுப்பியதை எறிய மனம் வரவில்லை. மிகச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நீலத்தையெல்லாம் நோண்டி எடுத்தேன். மீதி இருந்தது தேங்காய்த் துருவல் அளவு. அதில் ருசியே இல்லை.

ஃபெட்டா உப்பாக இருந்தது. நல்ல தண்ணீரில் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினேன். இரண்டாம் நாள் தொட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்குகிறது. டைப்பிஸ்ட் அம்மா எட்டிப் பார்த்து, "சார், இது துணி துவைக்கிறதா, திங்கிறதா?" என்றார்.

கௌடா பிரமாதம். மெழுகை மேஜை இழுப்பறையில் தேய்த்தேன், வெண்ணெயாக ஓடுகிறது.

ஆனால் நோண்டும்போதே ஒன்று தோன்றியது. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். கட்டிக்கு நடுவில் காற்று எப்படிப் போயிற்று? நீலம் நேர்க்கோட்டில் வேறு போகிறது. ஏதோ கம்பியால் குத்தியிருக்கிறீர்கள். அப்படியானால் பூஞ்சையை வேண்டுமென்றே வளர்த்தீர்களா? யார் மூளையில் இப்படி ஒரு யோசனை வந்தது? விவரமாக எழுது.

அப்பா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அப்பா,

நலம், நலம், நூறு தடவை நலம். முழங்கால் எப்படி என்று நீங்கள் எழுதவே இல்லையே?

உங்கள் கடிதத்தை முதலில் மனதுக்குள் படித்தேன். பிறகு சத்தமாகப் படித்தேன், சமையலறைச் சுவரைப் பார்த்து. சுவரைப் பற்றி நிபந்தனை ஒன்றும் இல்லையே? சுவர் ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் பொறுத்தது. சோப்புக்கட்டியில் விழுந்து விழுந்து சிரித்தது. காற்றைப் பற்றி நீங்கள் கேட்ட இடம் வந்ததும் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாரும் சொல்லாமலே கண்டுபிடிச்சிட்டாரா? எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆச்சு!" என்றது.

ஆமாம் அப்பா, நீண்ட ஊசிகளால் சக்கரம் முழுக்கக் குத்துவோம். அந்த வழியாகக் காற்று போய் நீலம் வளரும். நீங்கள் நோண்டி எறிந்ததுதான் அதன் உயிர். அடுத்த தடவை நீலத்தைத் தின்றுவிட்டு வெள்ளையை வேண்டுமானால் எறியுங்கள்.

ஃபெட்டா உப்புத் தண்ணீரில்தான் இருக்கவேண்டும். வெறும் தண்ணீர் அதன் சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கொண்டுவிடும். அதனால்தான் வழவழப்பு.

இந்த வாரம் மொசரெல்லா செய்தோம். திரிந்த பால் கட்டியைச் சுடுதண்ணீரில் போட்டு இழுக்க இழுக்க, துணி மாதிரி நீள்கிறது. கை வெந்துவிட்டது, ஆனால் அவ்வளவு அழகு! பழுக்கவைக்கும் அறையில் பலகை பலகையாகச் சக்கரங்கள் தூங்குகின்றன. தினம் போய்ப் புரட்டவேண்டும், மேலே படியும் பூஞ்சையைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவேண்டும். தூசு பறக்கும். அந்த வேலை என்னுடையது இல்லை.

பத்திரம் அப்பா.

பாப்பா

*

மே 16

பாப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். முழங்காலை விடு, நான் விட்டாலும் அது என்னை விடாது.

சுவரோடு பேசுவதை நான் தடுக்கவில்லை. வீட்டுக்கு வீடு சுவர் இருக்கிறது. கொஞ்சம் விஷயம் தெரிந்த சுவராக இருப்பதால், அதனிடம் கேட்டுச் சொல்.

மளிகைக் கடை முதலாளி இப்போது லிஃப்ட் பார்க்கப் போனால் ஒரு துண்டு சீஸ் தருகிறார். ஹலூமி என்று ஒன்று தந்தார். டைப்பிஸ்ட் அம்மா வீட்டுத் தோசைக்கல்லில் போட்டோம். உருகும் உருகும் என்று பார்த்தால் அசையவே இல்லை! இரண்டு பக்கமும் சிவந்ததுதான் மிச்சம். வாயில் போட்டால் பல்லில் கீச்கீச்சென்று சத்தம், எண்ணெய் போடாத கதவு கெட்டது போ. அதே கல்லில் மொசரெல்லாவைப் போட்டோம். உருகி ஓடி, கரண்டியோடு எழும்பி, என் சட்டைப் பொத்தான் வரைக்கும் நூல் விட்டது. இரண்டுமே பால். ஒன்று ஏன் மசியவில்லை, இன்னொன்று ஏன் இப்படி இழுபடுகிறது?

இன்னொன்று. செடார் சீஸ் ஏன் மஞ்சள்? எந்த மாடும் ஆரஞ்சு நிறத்தில் பால் கறந்து நான் பார்த்ததில்லை.

தபால்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்தே "இன்னைக்கு இல்லை சார்" என்று கையை ஆட்டுகிறார். சீக்கிரம் எழுது.

அப்பா

*

ஜூன் 9

அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். சட்டையில் ஒட்டிய மொசரெல்லா போயிற்றா?

சுவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஹலூமி ஏற்கெனவே ஒரு தடவை வெந்தது. பால் திரிந்து பிரிந்த தண்ணீரையே கொதிக்கவைத்து அதில் வேகவைக்கிறார்கள். புளிப்பும் ஏறியிருக்காது. அதனால் உள்ளே கட்டு விடுவதில்லை, சூட்டுக்கு அசைவதில்லை. மொசரெல்லாவைக் கொஞ்சம் புளிக்கவிட்டுப் பிறகுதான் இழுப்போம். புளிப்பு உள்ளே இருக்கும் கட்டைத் தளர்த்திவிடுகிறது. "உங்கப்பாகிட்ட சொல்லு, போல்ட்டைக் கழட்டுறதில்ல, லூஸ் பண்ணி விடுறது" என்றது சுவர். உங்களுக்கு இது புரியுமாம்.

செடார் நிறம் ஒரு விதையிலிருந்து வருகிறது. பாலில் கரைத்து விடுகிறார்கள். வெள்ளைச் செடாரும் உண்டு. ருசியில் பெரிய வித்தியாசம் கிடையாது, கண்ணுக்குத்தான் வித்தியாசம்.

இவ்வளவையும் சொல்லி முடிக்க ரொம்ப நேரமாயிற்று. சுவருக்கு இருமல். இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நாலு தடவை இருமுகிறது. பழுக்கவைக்கும் அறைக்குப் போய்விட்டு வந்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் மாதிரி வருகிறது, மறுநாள் போய்விடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

உங்கள் பாப்பா

*

ஜூன் 24

பாப்பாவுக்கு,

நலம்.

சுவருக்கு இருமல் வராது. நான் கொஞ்சம் இடம் கொடுத்தேன் என்பதற்காக நீ விளையாட்டை வேறு எங்கோ கொண்டுபோகிறாய். இருமுவது யார், காய்ச்சல் யாருக்கு என்பதெல்லாம் எனக்குத் தெரியவேண்டாம். என்னிடம் கேட்காமல் செய்துகொண்ட கல்யாணம். அதில் வரும் இருமலுக்கும் என்னிடம் வராதே. இந்த ஒரு தடவை கடிதத்தைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். மறுபடி எழுதினால் அனுப்பிவிடுவேன்.

பர்மிசான் என்று ஒன்று இருக்கிறதாம். கல் மாதிரி இருக்கும், வருஷக்கணக்கில் பழுக்குமாம். அதைச் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார்களாமே? நாங்களும் இரும்பைத் தட்டித்தான் விரிசலைக் கண்டுபிடிப்போம். சத்தத்தில் என்ன வித்தியாசம் தெரியும் என்று கேட்டு எழுது.

அப்பா

*

ஆகஸ்ட் 2

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

உங்கள் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுத முடியவில்லை. பர்மிசான் பற்றி எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லவும் இப்போது வசதியில்லை.

நான் ஒருத்தியாகவே எல்லாச் சக்கரத்தையும் புரட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. மழை அதிகம். பால் வழக்கம்போல் வருகிறது.

பாப்பா

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள பாப்பா,

நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை.

உன் கடிதத்தைப் பலதடவை படித்தேன். அதில் ஒரு கேலி இல்லை. முழங்காலைக் கேட்கவில்லை. சுவரும் இல்லை. "நான் ஒருத்தியாக" என்று எழுதியிருக்கிறாய். ஏன் ஒருத்தி? இன்னொரு ஆள் எங்கே போனான்?

உண்மையைச் சொல். உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டானா? அப்படி இருந்தால் ஒரு வரி எழுதிப் போடு, நான் வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன். உன் அறை அப்படியேதான் இருக்கிறது. "அன்றைக்கே சொன்னேனே" என்று ஒருநாளும் வாய் திறக்கமாட்டேன். டைப்பிஸ்ட் அம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "ஓடிப்போன ஆளைப் பத்தி எழுதுற பொண்ணு இப்படி எழுதாது சார். நீங்கதான் ஏதோ எழுதித் தொலைச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மானத்தை விட்டுச் சொல்கிறேன். அவன் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் போல்ட்டை லூஸ் பண்ணுகிற கதையைப் படித்தபோது, இவன் எனக்குப் புரிகிற பாஷையில் பேசுகிறானே என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பதிலுக்காக வாசலில் போய் நின்றதெல்லாம் உனக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய்.

அவர் எங்கே, பாப்பா?

அப்பா

*

ஆகஸ்ட் 29

அப்பாவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? இதை மருத்துவமனைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் என்னை விட்டுவிட்டு எங்கும் போகவில்லை. பதினொன்றாம் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். ஜூலையில் ஒருநாள் பழுக்கவைக்கும் அறையிலிருந்து வெளியே வந்தவர், பேசமுடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலமாகிவிட்டது. சீஸ் தோலில் படிகிற பூஞ்சைத் தூசு நுரையீரலுக்குள் போய்ப் போய்ப் புண்ணாக்கிவிட்டதாம். சீஸ் கழுவுகிறவர்களுக்கு வருகிற நோய் என்றே டாக்டர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. மருந்தில் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. முழுதாகத் திரும்புமா என்று டாக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்குள் மறுபடி போனால் திரும்பாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இதை நான் ஜூன் மாதமே சொன்னேன் அப்பா. பயமாக இருக்கிறது என்று எழுதினேன். நீங்கள் என்னிடம் வராதே என்றீர்கள். வரவில்லை. எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம். இவருக்கு இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கட்டிலில் படுத்துக்கொண்டு "அப்பா என்ன கேட்டிருக்காரு?" என்று தினமும் கேட்டார். உங்கள் ஜூன் கடிதத்தை எப்படிப் படித்துக் காட்டுவேன்? கடிதமே வரவில்லை என்று பொய் சொன்னேன். "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா, அந்த போல்ட் விஷயத்துல?" என்று கேட்டார்.

நேற்று உங்கள் ஆகஸ்ட் கடிதத்தோடு சேர்த்து, ஜூன் கடிதத்தின் கடைசிக் கேள்வியை மட்டும் படித்தேன். உடனே கரண்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். நல்ல சக்கரம் எங்கே தட்டினாலும் ஒரே சத்தம் தருமாம். உள்ளே வெடிப்போ வெற்றிடமோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போகுமாம். நர்ஸ் ஓடிவந்து "யாருக்கு என்ன?" என்று திட்டினார்.

வாங்கிய பாலுக்கு வேலை நடக்கிறது, ஆனால் அந்த அறையை என் ஒருத்தியால் சமாளிக்கமுடியாது. எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் சரி என்கிறார். சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அவரைப் பற்றி இத்தனை வரி எழுதிவிட்டேன். வேண்டுமானால் திருப்பி அனுப்புங்கள்.

பாப்பா

*

செப்டம்பர் 4

பதினொன்றாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில்

மாப்பிள்ளைக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியை ஜூன் மாதமே கேட்டிருக்கவேண்டும். என் மகள் அதற்காக என்னோடு சண்டை போடட்டும், வாங்கிக்கட்டிக்கொள்கிறேன். கடிதத்தை அவளே படித்துக் காட்டுவாள், அவளும் கேட்கட்டும்.

போல்ட் விஷயத்தில் நீங்கள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. தப்பெல்லாம் இந்தப் பக்கம்தான்.

எதையும் விற்கவேண்டாம். சனிக்கிழமை வண்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். மளிகைக் கடை லிஃப்ட்டை வேறொரு ஆளிடம் ஒப்படைத்தாகிவிட்டது, பாவம் அந்த லிஃப்ட். எனக்கு முழங்கால்தான் போயிற்று, தோளும் கையும் நன்றாக இருக்கின்றன. மூக்கு வாய் மூடுகிற நல்ல முகமூடிகளைத் தொழிற்சாலைக் கடையில் வாங்கியிருக்கிறேன். சக்கரங்களை நான் புரட்டுகிறேன். பிரஷ் போடுவதும் நான். அந்த அறைப் பக்கம் நீங்கள் தலைவைத்துப் படுக்கவே கூடாது. வீடு திரும்பியதும் காற்றடிக்கிற பக்கமாக வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் தப்பாகப் புரட்டினால் அங்கிருந்தே திட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் பொழுதோடு நானும் வருவேன். என் வேலை மோசம் என்றால் கட்டில் கம்பியைத் தட்டுங்கள், நர்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கேட்கவேண்டியது நிறைய இருக்கிறது. ஆட்டுப்பால் சீஸுக்குச் சாம்பல் எதற்குப் பூசுகிறார்கள்? ப்ரீ என்ற சீஸின் வெள்ளைத் தோலைத் தின்னலாமா, உரிக்கவேண்டுமா? உரித்தது தப்பென்றால் இப்போதே மன்னித்துவிடுங்கள், உரித்தாகிவிட்டது. பால் திரிந்த தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ் செய்கிறார்களாமே, அதை நீங்கள் செய்து பார்த்ததுண்டா? எதற்கும் இப்போது பதில் எழுதவேண்டாம், பேசவும் வேண்டாம். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், முடிகிறபோது சொல்லுங்கள். அதுவரைக்கும் உங்களுக்கு ஒரே வேலைதான். ஒழுங்காக மூச்சு விடுங்கள்.

உங்கள்
மாமா